ஓடுகிற இன்ஜினை ஏன் மாற்றுகிறார்கள்?

பர்கூரில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பது இது: “மெர்சிடிஸ் இன்ஜினை வைத்துக்கொண்டு மெக்லாரன் 2024, 2025 என அடுத்தடுத்து இரண்டு முறை ஃபார்முலா 1 அணிப் பட்டத்தை வாங்கிவிட்டது. அதே இன்ஜினை வைத்திருந்த ஆஸ்டன் மார்ட்டின், 2026 முதல் அதை விட்டுவிட்டு ஹோண்டாவுக்குப் போகிறது. இது சரியான முடிவா? எங்கள் கல்லூரி அணியும், மாணவர்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்கான காரில் கேடிஎம் 390 இன்ஜினை எடுத்துவிட்டு, பக்கத்து ஊரான ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 இன்ஜினுக்கு மாறலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறது. ஆனால் குதிரைத்திறன் குறையுமே?” பார்வைக்கு இரண்டு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான். சக்தியைப் பார்த்து இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது போதுமா, போதாதென்றால் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்பதே தம்பி கேட்க வந்தது.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் இன்ஜின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இன்ஜினை மேடையில் ஏற்றுவது, ஓட்டுவது, உடைப்பது, ஏன் உடைந்தது என்று எழுதுவது, இவைதான் என் தொழில். ஃபார்முலா 1 அணி எதிலும் வேலை செய்ததில்லை. எனவே அங்கே நடப்பதைப் பற்றி நான் சொல்வதில் பந்தய முடிவுகளும் விதிகளும் உறுதியானவை. அணிகள் மனதில் என்ன நினைத்தன என்று சொல்லும் இடமெல்லாம் என் அனுமானம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குவோம். 2024இல் மெர்சிடிஸ் இன்ஜினை நான்கு அணிகள் ஓட்டின. ஆண்டு முடிவில் மெக்லாரன் 1ஆம் இடம், இன்ஜினைச் செய்த மெர்சிடிஸே 4ஆம் இடம், ஆஸ்டன் மார்ட்டின் 5ஆம் இடம், வில்லியம்ஸ் 9ஆம் இடம். வாங்கும் அணிக்கு மட்டமான சரக்கைத் தள்ளிவிடுவார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கும் இங்கே இடமில்லை. உற்பத்தியாளர் தன் சொந்த அணிக்குக் கொடுக்கும் அதே பாகங்களையும் அதே மென்பொருள் நிலைகளையும் மற்ற அணிகளுக்கும் கொடுத்தாக வேண்டும் என்று 2018 முதலே கட்டாயம் இருக்கிறது. ஆகவே 1ஆம் இடத்துக்கும் 9ஆம் இடத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை இன்ஜினின் கணக்கில் எழுத முடியாது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் உண்டு. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்கு ஓட்டினார். ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் அவர். ஜோர்டன் அந்த ஆண்டுதான் ஃபோர்டு இன்ஜினை விட்டு டொயோட்டா இன்ஜினுக்கு மாறியிருந்தது. அதே ஆண்டில் டொயோட்டாவின் சொந்த அணி 88 புள்ளிகள் எடுத்தது. ஜோர்டன் எடுத்தது 12. அதிலும் 11 புள்ளிகள் இண்டியானாபோலிஸில் வந்தவை. டயர்ப் பிரச்சினையால் மற்ற அணிகள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயம் அது. நரேன் அதில் 4ஆவதாக வந்தார். நல்ல இன்ஜின் கிடைத்தும் காசில்லாத அணிக்கு அது கைகொடுக்கவில்லை.

அப்படியானால் இன்ஜின் மாற்றம் எங்கேதான் கடிக்கிறது? பொருத்தும் இடத்தில். சோதனை மேடையில் வேறு குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜினை ஏற்றும் நாளை நினைத்துப் பாருங்கள். கிராங்க் ஷாஃப்ட் எனும் சுழல் தண்டின் மையம் பழைய இன்ஜினில் இருந்த உயரத்தில் இருக்காது. சக்தியை அளக்கும் டைனமோமீட்டரின் தண்டும் இன்ஜினின் தண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதால், தாங்கிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும், டயல் கேஜ் முள் அசைவதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்வோம். அதில் ஒரு தலைமுடி அளவு விட்டுவிட்டால், குறைந்த வேகத்தில் ஒன்றும் தெரியாது. வேகத்தைக் கூட்டும்போது நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு சூடாகி, தூள் உதிர்த்து, பிறகு கிழியும். கீழே கருப்புத் தூள் சிதறிக் கிடப்பதைப் பார்த்தே பழைய கைகள் சொல்லிவிடுவார்கள். குறை இன்ஜினிலும் இருக்காது, டைனமோமீட்டரிலும் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும். அதன் பிறகு தண்ணீர்க் குழாய்: முன்பு வலப்பக்கம் வெளியே வந்தது, இப்போது இடப்பக்கம். எண்ணெய்க் குளிர்விப்பானுக்கு வேறு அளவுக் குழாய். ஒயரிங்கின் முனைகள் பொருந்தாது. இன்ஜின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பாதி வேலை இப்படிப் போய்விடும். இத்தனைக்கும் எங்கள் மேடை நிலத்தில் போல்ட் போட்டு நின்ற இரும்பு.

பந்தயக் காரில் இன்ஜினே உடம்பின் எலும்பு. 1967இல் லோட்டஸ் 49 கார் ஃபோர்டு காஸ்வொர்த் டிஎஃப்வி இன்ஜினோடு வந்து முதல் பந்தயத்திலேயே வென்றது. அந்தக் காரில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனிச் சட்டமே கிடையாது. இன்ஜினை நேராக முன்பகுதியில் போல்ட் போட்டு, அதன் பின்னால் கியர்பாக்ஸையும் சஸ்பென்ஷனையும் தொங்கவிட்டார்கள். இன்றுவரை அதுதான் முறை. ஆகவே இன்ஜினை மாற்றினால் கியர்பாக்ஸ், பின் சஸ்பென்ஷன், ரேடியேட்டர், உடல் தகடு, அதன் மேல் ஓடும் காற்று எல்லாம் சேர்ந்து மாறும்.

ஹோண்டா அணியாக இருந்து பெயர் மாறிய 2009இன் பிரான் அணிதான் இதற்குச் சரியான சாட்சி. 2008 டிசம்பரில் ஹோண்டா திடீரென்று வெளியேறியது. ஹோண்டா இன்ஜினுக்காக வரைந்து முடித்திருந்த காரில் கடைசி நேரத்தில் மெர்சிடிஸ் இன்ஜினைத் திணித்தார்கள். கிராங்க் உயரம் ஒத்துவரவில்லை. சேசிஸின், அதாவது காரின் உடற்சட்டத்தின், பின்பக்கத்தை வெட்டிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர் எவரும் பெருமையோடு காட்டக்கூடிய வேலை அன்று. ஆனாலும் அந்தக் கார் 8 பந்தயங்களை வென்று ஓட்டுநர், அணி என இரண்டு பட்டங்களையும் எடுத்தது. இதைக் காட்டி “பொருத்தம் ஒன்றும் முக்கியமில்லை” என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காரில் இரட்டை டிஃப்யூசர் என்ற காற்றியல் சாதகம் இருந்ததை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மற்ற பெரிய அணிகள் அதைப் பிடிப்பதற்குள் பாதி ஆண்டு ஓடிவிட்டது. 2014க்குப் பிறகு, கிராங்க் உயரத்தையும் இன்ஜின் பிடிக்கும் போல்ட்டுகளின் இடத்தையும் விதியே நிர்ணயித்துவிட்டதால், அந்த வெட்டு வேலைக்கு இப்போது தேவை குறைவு. சிக்கல் குழாய்களுக்கும் பேட்டரிக்கும் மென்பொருளுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு என் பதில் இருக்கிறது. இன்ஜின் வழங்குபவரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது “எத்தனை குதிரைத்திறன்” என்று இல்லை. “வரைபடம் எப்போது என் கைக்கு வரும், வந்த பிறகு அதில் ஒரு கோட்டை மாற்றச் சொன்னால் நீங்கள் கேட்பீர்களா” என்று. மெர்சிடிஸிடம் வாங்கும் அணிக்கு இன்ஜின் அதே தரத்தில் வரும், சந்தேகமில்லை. ஆனால் டர்போவின் காற்றுக் குளிர்விப்பான் எங்கே உட்கார வேண்டும், தண்ணீர் எத்தனை பாகை சூட்டில் ஓட வேண்டும் என்ற முடிவுகள் மெர்சிடிஸின் சொந்தக் காருக்காக எடுக்கப்பட்டவை. தண்ணீரைச் சற்றுக் கூடுதல் சூட்டில் ஓட்டத் துணிந்தால் ரேடியேட்டரைச் சிறிதாக்கலாம். ரேடியேட்டர் சிறிதானால் பக்கவாட்டுத் தகடு ஒடுங்கும். அது ஒடுங்கினால் காற்றுத் தடை குறையும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி வாங்கும் அணியின் கையில் இல்லை. ஆஸ்டன் மார்ட்டின் 2025 வரை மெர்சிடிஸிடமிருந்து கியர்பாக்ஸையும் சேர்த்தே வாங்கியது. அதனால் பின் சஸ்பென்ஷனின் அமைப்பிலும் பாதிச் சுதந்திரம்தான். ஹோண்டாவோடு சேரும்போது அந்த இன்ஜினை ஓட்டும் ஒரே அணி அதுதான். கியர்பாக்ஸும் சொந்தமாகச் செய்துகொள்ளலாம். 2023 மே மாதமே ஒப்பந்தத்தை அறிவித்துவிட்டார்கள். 2026 காருக்கு அத்தனை முன்னதாகக் கைகோத்தது, வரைபடத்தை இரு பக்கமும் சேர்ந்து போடத்தான் என்பது என் வாசிப்பு.

ஒரே அணியாக இருப்பதில் ஆபத்தும் அதே அளவு உண்டு. மெக்லாரனின் 2015 அதற்குப் பாடநூல். மெர்சிடிஸை விட்டு ஹோண்டாவுக்குப் போன முதல் ஆண்டில் 27 புள்ளிகளோடு 9ஆம் இடம். காரின் பின்பக்கம் எவ்வளவு ஒல்லியாக முடியுமோ அவ்வளவு ஒல்லியாக வேண்டும் என்று அணி கேட்டது. ஹோண்டாவும் தலையாட்டி, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரை வி வடிவ சிலிண்டர்களின் நடுப்பள்ளத்தில் திணித்தது. இடம் குறுகியதால் கம்ப்ரஸரின் அளவு சிறியதாயிற்று, சூடும் சிக்கிக்கொண்டது. “நம் இன்ஜின் ஒரு படி கீழான பந்தயத்து இன்ஜின் போல இருக்கிறது” என்ற பொருள்பட அணியின் ஓட்டுநர் ஃபெர்னாண்டோ அலோன்சோ ரேடியோவில் கத்தியது ஹோண்டாவின் சொந்தத் தடமான சுசூகாவில். வரைபடத்தை மாற்றச் சொன்னால் கேட்கிற கூட்டாளி கிடைப்பது வரம்தான். தப்பான மாற்றத்தைக் கேட்டால் அதையும் செய்து கொடுத்துவிடுவார் என்பது அந்த வரத்தோடு வரும் சாபம். எங்கள் தொழிற்சாலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். “முடியாது” என்று சொல்லத் தெரியாத பாகம் வழங்குநர்தான் கடைசியில் அதிகத் தலைவலி கொடுப்பார்.

அந்தக் கதையின் இரண்டாம் பாதியைப் பலரும் சொல்வதில்லை. 2017 முடிந்ததும் மெக்லாரன் ரெனோ இன்ஜினுக்குத் தாவியது. எங்கள் சேசிஸ் அருமையானது, இன்ஜின்தான் கெடுத்தது என்பது அதுவரை அவர்கள் தரப்பு. 2018இல் அதே ரெனோ இன்ஜினோடு ரெட் புல் 4 பந்தயங்களை வென்றது. மெக்லாரன் ஒன்றும் வெல்லவில்லை. சேசிஸின் குறையை இன்ஜினின் முதுகுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தது அன்று வெளிச்சமாயிற்று. அவர்கள் உதறிய ஹோண்டாவை ரெட் புல்லின் துணை அணியான டோரோ ரோசோ எடுத்துக்கொண்டு, இரண்டாவது பந்தயத்திலேயே பஹ்ரைனில் 4ஆம் இடம் பிடித்தது. 2019இல் ரெட் புல்லும் ஹோண்டாவுக்கு மாறியது. அந்த ஆண்டு ஆஸ்திரியாவில் ரெட் புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் பெற்ற வெற்றி 2006க்குப் பிறகு ஹோண்டாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி. 2021இல் அவர் உலக சாம்பியன். இன்ஜின் மோசம் என்ற முத்திரை நிரந்தரமானதில்லை என்பது இதில் உறுதி. ஹோண்டா எழுந்ததற்கு மெக்லாரனிடம் பட்ட அடி காரணமா, ரெட் புல்லின் பொறுமை காரணமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் இரண்டாவதன் பக்கம். டோரோ ரோசோவை வைத்து ஓராண்டு சோதித்துப் பார்த்துவிட்டு ரெட் புல் தன் முதன்மை அணியை மாற்றியது. அவசரப்படாத நிர்வாகம் செய்கிற வேலை அது.

2026இன் மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. என் கணக்கில் அதுவே பெரியது. இன்ஜின் விதியே புதிதாகிவிட்டது. 1.6 லிட்டர் வி6 டர்போ அப்படியே இருந்தாலும், எரிபொருள் தரும் சக்தி சுமார் 400 கிலோவாட்டாக இறங்கி, மின்மோட்டாரின் பங்கு 120இலிருந்து 350 கிலோவாட்டாக ஏறுகிறது. டர்போவோடு சுழன்று மின்சாரம் எடுத்த கருவியை எடுத்துவிட்டார்கள். அந்த 350 கிலோவாட் மோட்டாருக்கான மின்சாரத்தில் பெரும்பகுதி பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரங்களிலிருந்துதான் வர வேண்டும். தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரி ஓட்டுநருக்கு இது புரியும். தர்மபுரியிலிருந்து இறங்கும்போது கியரில் வைத்து இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் வண்டியின் நடத்தையே வேறு, முடிவு அடுத்த நாள் செய்தித்தாளில். பந்தயக் காரிலும் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது, எந்த நொடியில் விடுகிறது என்பதைப் பொறுத்து வளைவின் நுழைவில் காரின் பின்பக்கம் நிலையாக இருக்கும் அல்லது நழுவும். அதைத் தீர்மானிப்பது மென்பொருள். மென்பொருளை எழுதுவது இன்ஜின் தருபவர். அந்தப் பொறியாளரும் சேசிஸ் பொறியாளரும் ஒரே அறையில் உட்காரும் அணிக்கு இதில் லாபம் அதிகம். ஆஸ்டன் மார்ட்டினின் தொழிற்சாலை இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில், ஹோண்டாவின் பந்தய மையம் ஜப்பானின் சகுராவில் என்பதால் அந்த ஒரே அறை கிடைப்பதும் எளிதில்லை. ரெட் புல் இதே தூரத்தைச் சமாளித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ரெனோ குழுமத்தின் சொந்த அணியான ஆல்பைன், தன் இன்ஜின் வேலையை நிறுத்திவிட்டு 2026 முதல் மெர்சிடிஸிடம் இன்ஜினும் கியர்பாக்ஸும் வாங்குகிறது. ஒரு அணி சுதந்திரத்துக்காகக் காசைக் கொட்டுகிறது, இன்னொன்று காசுக்காகச் சுதந்திரத்தை விடுகிறது. ஒப்பந்தத் தொகை என்று செய்திகளில் உலவும் எண்களை நான் நம்புவதில்லை. அவற்றை எந்த அணியும் வெளியிடுவதில்லை.

ஆக, ஆஸ்டன் மார்ட்டின் செய்தது சரியா? பட்டம் வெல்ல வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் அணிக்குச் சரி. 4ஆம், 5ஆம் இடமே போதும் என்றால் தேவையில்லாத ஆபத்து. மெர்சிடிஸ் இன்ஜினை வாங்கி மெக்லாரன் வென்றதே என்றால், மெக்லாரன் அதற்கு மாறியது 2021இல், பட்டம் வந்தது 2024இல். நடுவில் இன்ஜின் மாறவில்லை, கார்தான் மாறியது. ஹோண்டாவோடும் முதல் ஆண்டை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. வழங்குபவர் கையை விட்டுப் போகும் ஆபத்தையும் மறக்கக்கூடாது. 1987இல் ஹோண்டா இன்ஜினோடு வில்லியம்ஸ் பட்டம் வென்றது. அடுத்த ஆண்டே ஹோண்டா மெக்லாரனுக்குப் போனது. 1988இன் 16 பந்தயங்களில் மெக்லாரன் 15ஐ வென்றது. ஜட் இன்ஜினோடு ஓடிய வில்லியம்ஸ் ஒன்றுகூட வெல்லவில்லை.

இனி உங்கள் கல்லூரிக் கார். கேடிஎம் 373 சிசி, ஆர்ஆர் 310 இன்ஜின் 312 சிசி. பைக்கில் ஓடும்போது சக்தி குறைவு என்பது உண்மை. ஆனால் உங்கள் போட்டி விதியில் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். ஒரே சிலிண்டர் இன்ஜின் காற்றை விட்டு விட்டு உறிஞ்சும்; உறிஞ்சலின் உச்சத்தில் அந்தத் துளை இறுக்கும். துளைக்கும் இன்ஜினுக்கும் நடுவே நீங்கள் செய்யும் காற்றுக் கலத்தின் கொள்ளளவும் குழாய் நீளமும் சரியில்லையென்றால், விளம்பரத்தில் உள்ள சக்தி எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. அதைவிட முக்கியம், ஆர்ஆர் 310 இன்ஜினின் சிலிண்டர் பின்பக்கமாகச் சாய்ந்தது. காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் வெளியேறும். கேடிஎம் இதற்கு நேர் எதிர். அப்படியே மாற்றி வைத்தால் புகைக்குழாய் சுருக்கமாகப் பின்னால் போய்விடும், ஓட்டுநரின் முதுகுப் பக்கச் சூடும் குறையும். ஆனால் காற்றுக் கலமும் துளையும் இருக்கைக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள இடுக்கில் உட்கார வேண்டும். உங்கள் சட்டத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். இல்லையென்றால் சட்டத்தையே புதிதாக வரைய வேண்டும், அது அடுத்த ஆண்டுக்கான வேலை.

ஊர் பக்கம் என்பது நல்ல காரணம்தான். ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதும், அங்கே உங்கள் தொலைபேசியை எடுக்கிற ஒரு பொறியாளர் இருப்பதும் வேறு வேறு. இன்ஜினின் முப்பரிமாண வரைபடமும் சென்சார்களின் விவரமும் எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், நான்கு தலைமுறை மாணவர்கள் உடைத்துப் பழகிய கேடிஎம் இன்ஜினிலேயே இருங்கள். உங்கள் பணிமனை அலமாரியில் கிடக்கும் பழைய குறிப்பேடுகளும் ஒருவகைச் சொத்துதான்.

மாறுவதாக முடிவெடுத்தால் இன்னொன்று. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவு. எனவே ஓசூரில் எடுத்த சக்தி எண்ணையும் கோயம்புத்தூரில் எடுத்ததையும் திருத்தக் கணக்கு போடாமல் ஒப்பிடாதீர்கள். எந்த வேகத்தில் எவ்வளவு எரிபொருள் என்று இன்ஜினுக்குச் சொல்லும் எரிபொருள் வரைபடத்தையும் போட்டி நடக்கும் கோயம்புத்தூர் கரி பந்தயத் தடத்தின் உயரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பழைய இன்ஜினையும் புதிய இன்ஜினையும் ஒரே மேடையில், ஒரே நாளில், 20 மில்லிமீட்டர் துளையோடு ஓட்டி, எந்த வேகத்தில் எவ்வளவு சக்தி என்று காட்டும் வரைகோட்டை எடுங்கள். உச்ச எண்ணை விட்டுவிட்டு, வளைவிலிருந்து வெளியேறும்போது உங்கள் ஓட்டுநர் பயன்படுத்தும் நடுவேகப் பகுதியில் எந்தக் கோடு மேலே இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டு கோடுகளையும் இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.